போன் சைனா கோப்பை செய்யும் முறை: எலும்புச் சாம்பல் முதல் மெருகுச் சூடு வரை

போன் சைனா என்பது எலும்புச் சாம்பல் சேர்த்துச் செய்யும் பீங்கான். அதன் கலவையின் எடையில் ஏறத்தாழ பாதி எலும்புச் சாம்பல். மீதிப் பாதியில், கயோலின் என்னும் வெண்களிமண்ணும், சூட்டில் உருகிக் கண்ணாடியாக மாறும் ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த கல்தூளும் சரிபாதியாகச் சேரும். இந்த 50–25–25 விகிதம் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகரத்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஜோசையா ஸ்போட் என்பவரின் பட்டறையில் நிலைபெற்றது. இன்றும் அடிப்படையில் மாறவில்லை. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, கிழக்கு லண்டனின் போ (Bow) என்ற பட்டறையில் தாமஸ் ஃபிரை எலும்புச் சாம்பலைப் பீங்கானில் சேர்த்திருந்தார். எனினும் அந்தச் சாம்பலோடு தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி வெண்களிமண்ணையும், கார்ன்வால் கல் எனப்படும் ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த கல்லையும் சேர்த்து, நிலையாக உற்பத்தி செய்யக்கூடிய பொருளாக ஆக்கிய பெருமை ஸ்போடையும் அவர் மகனையுமே சேரும்.

சிறு பட்டறையில், மின்சூளை ஒன்றை வைத்துக்கொண்டு, ஒளி ஊடுருவும் மெல்லிய கோப்பை ஒன்றைச் செய்து முடிக்கத் தேவையானவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கல்மண் (ஸ்டோன்வேர்) பாத்திரங்களில் பழகியவர்களுக்கு இந்தப் பொருள் முதலில் மிகவும் அயலாகத் தோன்றும். சக்கரத்தில் ஏறாது, காயும்போது உதிரும், சூளையில் துவளும், மெருகை, அதாவது மேலே உருக்கும் கண்ணாடிப் பூச்சை, உறிஞ்சாது. இந்தத் தொல்லைகள் அனைத்தும், அதன் வெண்மை, உறுதி, ஒளி ஊடுருவும் தன்மை ஆகிய சிறப்புகளைப் போலவே, எலும்புச் சாம்பலிலிருந்து பிறப்பவை. சூளைக்குள் அந்தச் சாம்பல் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டவருக்கே ஒவ்வொரு கட்டத்திலும் ஏன் இப்படிச் செய்கிறோம் என்பது விளங்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சூளைக்குள் நடப்பது

எலும்பின் கனிமப் பகுதி ஹைட்ராக்ஸி அபடைட் எனப்படும் கால்சியம் பாஸ்பேட் ஆகும். அது மற்றப் பொருள்களோடு சேர்ந்து 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடப்படும்போது சிதைந்து, டிரைகால்சியம் பாஸ்பேட் படிகங்களாகவும் சிறிதளவு சுண்ணாம்பாகவும் பிரிகிறது, நீராவி வெளியேறுகிறது. பிரிந்த சுண்ணாம்பு வெண்களிமண்ணோடு வினைபுரிந்து அனார்த்தைட் என்ற மற்றொரு படிகத்தை உண்டாக்குகிறது. கல்தூள் உருகி, எஞ்சிய சிலிக்காவையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் கரைத்துக்கொண்டு கண்ணாடியாகி, படிகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை நிரப்புகிறது. ஆறிய பிறகு நம் கையில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம் படிகம், 30 சதவீதம் கண்ணாடி. களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கொண்டு 1,400 டிகிரி அளவில் சுடப்படும் கடினப் பீங்கானில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே கண்ணாடியே மிகுதி.

படிகம் இவ்வளவு மிகுந்த பொருள் சுண்ணாம்புச் சுவர் போல ஒளியை மறைத்துவிட வேண்டும் அல்லவா? மறைக்காததற்குக் காரணம் உண்டு. இந்தப் படிகங்களின் ஒளிவிலகல் எண்ணும் சுற்றியுள்ள கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் நெருங்கியவை. நுண்துளைகளும் மிகக் குறைவு. ஆகவே ஒளி ஒவ்வோர் எல்லையிலும் சிதறாமல் கடந்து போகிறது. உறுதிக்கும் படிக மிகுதியே அடிப்படை. மெருகிட்ட போன் சைனாவின் வளைவு வலிமை சுமார் 100 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். கடினப் பீங்கானில் பெரும்பாலும் அதில் பாதியளவே கிடைக்கும். மெல்லியதாகத் தோன்றும் கோப்பை, விளிம்பு சிதறாமல் பல ஆண்டுகள் உணவகங்களில் புழங்குவது இதனால்தான். மெல்லியது என்பதாலேயே அதை நொய்ந்தது என்று எண்ணி அலமாரியில் பூட்டி வைப்பது தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து.

வெண்மையில் ஒரு சிறு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. கடினப் பீங்கான் காற்றுக் குறைந்த சூளையில் வேகுவதால் அதிலுள்ள இரும்பு நீலச் சாயலைத் தருகிறது. போன் சைனா காற்றோட்டம் நிறைந்த சூளையில் வேகுகிறது. அதன் வெண்மை பாலேடு போன்ற மென்மஞ்சள் சாயல் கொண்டது.

சாம்பல்

எலும்புச் சாம்பலை மண்பாண்டப் பொருள் விற்பவர்களிடம் வாங்குவதே எளிது. தாமே சுட்டுக்கொள்ள விரும்புபவர்கள் மாட்டெலும்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துப் பட்டறைகள் குதிரை, பன்றி ஆகியவற்றின் எலும்புகள் நிறத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கிவந்தன. முதலில் எலும்பைப் பலமுறை வேகவைத்துக் கொழுப்பையும் பசையையும் நீக்கி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். பசை நீங்காத எலும்பைச் சூளையில் இட்டால் புகையும் நாற்றமும் அக்கம்பக்கத்தைத் துன்புறுத்துவதோடு, கரி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். காய்ந்த எலும்பைத் திறந்த வெளியில், காற்று தாராளமாகப் புகும் சூளையில், ஏறத்தாழ 1,000 டிகிரி வரை சுட வேண்டும். ஆறிய பின் ஒரு தடித்த துண்டை உடைத்துப் பார்க்கவும். நடுப்பகுதி வரை வெள்ளையாக இருந்தால் சுட்டது போதும். உள்ளே சாம்பல் நிறமோ கருமையோ தெரிந்தால் கரி மிச்சம் இருக்கிறது, மறுபடியும் சுட வேண்டும். காய்ந்த எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சாம்பல் கிடைக்கும்.

அளவுக்கு மேல் சுடுவதும் தவறே. மிகுந்த வெப்பத்தில் சாம்பல் துகள்கள் இறுகிவிடுவதால், கலவைக்கு இயல்பாகவே குறைவாக உள்ள பசைத்தன்மை மேலும் குறையும். சுட்ட சாம்பலை நீர் ஊற்றி உருளை ஆலையில் மிக நைசாக அரைத்து, தெளிந்த நீரை இரண்டு மூன்று முறை இறுத்துக் கழுவ வேண்டும். கழுவுவதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். சாம்பலில் தங்கியிருக்கும் சுண்ணாம்பும் கரையும் உப்புகளும் பின்னர் குழம்பைக் கெட்டியாக்கி, வார்க்கவே முடியாதபடி செய்துவிடும்.

எலும்பைப் பயன்படுத்த மனம் ஒப்பாதவர்கள் தொழிற்சாலையில் தயாரிக்கப்படும் கால்சியம் பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளலாம். சூளையில் உருவாகும் படிகங்கள் ஒன்றே. தோற்றமும் பெரிதும் ஒத்திருக்கும். ஆனால் பிரிட்டிஷ் தரநிலை, விலங்கெலும்பிலிருந்து பெற்ற பாஸ்பேட் குறைந்தது 30 சதவீதம் உள்ள, ஒளி ஊடுருவும் பாண்டத்தையே போன் சைனா என ஏற்கிறது. ஆகவே தொழிற்சாலைப் பாஸ்பேட்டில் செய்த பாண்டத்தை விற்பவர்கள், அது எலும்பில்லாதது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை. வாங்குபவருக்கு இரு பக்கத்திலிருந்தும் அக்கறை இருக்கிறது: சைவ உணவுக்காரர் ஒருவர் எலும்புள்ளதைத் தவிர்க்க விரும்புவார், மற்றொருவர் எலும்புள்ளதற்கே விலை கொடுக்க முன்வருவார்.

கலவையும் குழம்பும்

கார்ன்வால் கல் கிடைக்காத இடங்களில் அதன் பங்கில் ஏறத்தாழ முக்கால் அளவு பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரும் எஞ்சிய அளவு குவார்ட்ஸும் சேர்த்துத் தொடங்கலாம். உங்கள் ஊரில் கிடைக்கும் ஃபெல்ட்ஸ்பாரின் தன்மைக்கு ஏற்ப இதைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் சோதிக்க வேண்டிவரும். வெண்களிமண் இரும்பும் டைட்டானியமும் குறைந்த உயர்ந்த தரமாக இருக்கட்டும். பசைத்தன்மை வேண்டும் என்று சாதாரணக் களிமண்ணைச் சேர்த்தால் வெண்மையும் ஒளியும் போய்விடும். அதனால்தான் இந்தக் கலவை சக்கரத்துக்கு ஒவ்வாததாகவே இருந்து, பிளாஸ்டர் அச்சில் குழம்பாக வார்க்கும் முறையோடு பிணைந்துவிட்டது. தட்டுகளைத் தொழிற்சாலைகளில் சுழலும் அச்சின்மேல் அழுத்தி உருவாக்குவார்கள். சிறு பட்டறைக்கு வார்ப்பே ஏற்றது.

1 கிலோ உலர்ந்த கலவைக்குச் சுமார் 450 மில்லி நீர் போதும். இவ்வளவு குறைந்த நீரில் அது ஓடும் குழம்பாக வேண்டுமென்றால், உலர்ந்த எடையில் 0.2 முதல் 0.4 சதவீதம் வரை சோடியம் சிலிக்கேட் அல்லது அதற்கென விற்கப்படும் வேறு இளக்கியைச் சேர்க்க வேண்டும். இளக்கியை முதலில் நீரில் கரைத்து, வெண்களிமண்ணைத் தூவி நனையவிட்டு, பிறகு கல்தூளையும் கடைசியாக எலும்புச் சாம்பலையும் சேர்த்துக் கலக்கி, ஓர் இரவு ஊறவைத்து, 120 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 120 கண்கள்) சல்லடையிலும் பின்னர் அதைவிட நுண்ணிய சல்லடையிலும் வடிகட்டவும். ஒரு லிட்டர் குழம்பு 1,750 முதல் 1,800 கிராம் எடை இருக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் அறுபடாத நூலாக இறங்க வேண்டும். சொட்டுச்சொட்டாக விழுந்தால் இளக்கி போதவில்லை. இந்தக் குழம்பை வாரக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. சாம்பலிலிருந்து கால்சியம் மெல்லக் கரைந்து அதைக் கெட்டியாக்கிக்கொண்டே இருக்கும். வேண்டிய அளவு மட்டும் கலந்து சில நாள்களில் வார்த்து முடித்துவிடுவதே நல்லது.

உலர்ந்த தூளைக் கையாளும்போதெல்லாம் நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டுமே தவிரப் பெருக்கக் கூடாது. ஸ்டோக் பட்டறைகளில் முற்காலத்தில் போன் சைனாத் தட்டுகளைச் சூளையில் தாங்குவதற்கு அரைத்த சக்கிமுக்கிக்கல் தூளில் பதித்து வைத்தார்கள். சூளையில் அடுக்கிய தொழிலாளரும், வெந்த தட்டுகளிலிருந்து அந்தத் தூளைத் துடைத்தெடுத்த பெண்களும் சிலிக்காத் தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தத் தூளுக்கு மாற்றாக அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) வந்தது. நாம் குவார்ட்ஸ் மூட்டையைப் பிரிக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது.

அச்சும் வார்ப்பும்

அச்சுக்கான மாதிரியைச் செய்வதற்கு முன்பே சுருக்கத்தைக் கணக்கிட வேண்டும். அந்தக் குழம்பிலேயே ஒரு பட்டை வார்த்து, ஈரமாக இருக்கும்போது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் கீறி, இறுதிச் சூடு வரை கொண்டுபோய் அளந்து பாருங்கள். இடைவெளி 86 மில்லிமீட்டராகக் குறைந்தால், 80 மில்லிமீட்டர் உயரக் கோப்பைக்கு மாதிரி 93 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நீளத்தில் 14 சதவீதம் என்பது கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இழப்பு என்பதையும் மறக்கக் கூடாது. காப்பிக் கோப்பை என்று தொடங்கியது மருந்துக் கிண்ணமாக வெளியே வருவது இந்தக் கணக்கைத் தவறவிடுவதால்தான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை முழுவதும் உலர்த்தியே பயன்படுத்த வேண்டும். ஆனால் 45 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பிளாஸ்டர் நீரிழந்து பொடியத் தொடங்கும். அச்சின் விளிம்பிலிருந்து உதிரும் ஒரு துகள்கூடக் குழம்பில் விழாமல் பார்த்துக்கொள்ளவும். வெந்த பிறகு அது குழியாகவோ கறையாகவோ தெரியும்.

குழம்பை நிறுத்தாமல், ஒரே சீராக, அச்சின் நடுவில் ஊற்ற வேண்டும். இடையில் தயங்கினால் அந்த இடத்தில் ஒரு வளையம் விழும். போன் சைனாக் குழம்பு அச்சில் மிக விரைவாகப் படியும். மற்றக் குழம்புகளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து பழகியவர்கள் இங்கே கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த சுவர் வேண்டுமானால், அச்சின் உலர்வைப் பொறுத்து ஒன்றரை முதல் மூன்று நிமிடமே போதும். பின்னர் அச்சை மெல்லச் சாய்த்து மிச்சக் குழம்பை வடித்து, கவிழ்த்துச் சாய்வாக நிறுத்தி வைக்கவும். உட்சுவரில் முதலில் ஈரப் பளபளப்பு இருக்கும்; அது விளிம்பிலிருந்து அடியை நோக்கி மங்கிக்கொண்டே போகும். அடிவட்டத்திலும் பளபளப்பு மறைந்த பிறகே விளிம்பைக் கத்தியால் அறுக்க வேண்டும். சற்று நேரத்தில் சுவர் அச்சிலிருந்து மயிரிழை அளவு விலகும். அப்போது அச்சைத் திறந்தால் கோப்பை தானே விடுபடும். விரலால் கிள்ளி இழுக்கக் கூடாது. இந்த மண்ணுக்கு நினைவாற்றல் உண்டு என்று பட்டறைக்காரர்கள் சொல்வது அனுபவ உண்மை: ஈரத்தில் நீள்வட்டமாக நசுங்கிய கோப்பையைத் திருத்தி வட்டமாக்கினாலும், சூளையில் மறுபடியும் நீள்வட்டத்துக்கே திரும்பும். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உண்டாகும் தையல் கோடும் அப்படியே. வழித்து மறைத்தாலும் உயர்சூட்டுக்குப் பின் மெல்லிய மேடாக எழும். அதை முழுமையாகத் தவிர்க்க விரும்புபவர்கள், தையலே இல்லாத ஒற்றை அச்சில், மேல் நோக்கி அகன்ற வடிவங்களை வார்ப்பது நல்லது. முதல் கோப்பைக்குக் கைப்பிடி வேண்டாம் என்பதும் என் பரிந்துரை. கைப்பிடி தன் எடையாலும் சுருக்கத்தாலும் விளிம்பை ஒரு பக்கமாக இழுக்கும்.

மென்சூடு

காய்ந்த போன் சைனா, கையில் எடுத்தாலே உடையும் அளவுக்கு நொய்ந்தது. அதைச் செதுக்கவோ தேய்க்கவோ முயல்வதைவிட, முதலில் 1,000 டிகிரி அளவில் மென்மையாகச் சுட்டுக்கொள்வது பாதுகாப்பு. தொழிற்சாலைகளுக்கு இந்தக் கட்டம் தேவைப்படாது. கையால் செய்பவர்களுக்கு இது பெரிய உதவி. மென்சூட்டில் வெந்த கோப்பை சாக்கட்டி போல இருக்கும், நீரை உறிஞ்சும், கல்தூள் இன்னும் உருகாததால் அளவு பெரிதாகச் சுருங்கியிருக்காது. அதை நீரில் நனைத்து, நீரில் பயன்படுத்தும் நைஸ் உப்புத்தாளால், ஸ்பாஞ்சின்மேல் வைத்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். தையல் மேடு, விளிம்பின் கூர்மை, அறுத்த இடத்தின் சொரசொரப்பு எல்லாம் இப்போதே நீங்க வேண்டும், ஏனெனில் உயர்சூட்டுக்குப் பிறகு வைரத்தூள் பட்டை இல்லாமல் எதுவும் அசையாது. ஈரத்தில் தேய்ப்பதால் தூசியும் எழாது. தேய்த்து முடித்ததும் தூய நீரில் அலசி முழுமையாகக் காயவிடவும்.

உயர்சூடும் தாங்கிகளும்

கோப்பையின் விதி இங்கேதான் முடிவாகிறது. கடினப் பீங்கானை முதலில் 1,000 டிகிரிக்குள் சுட்டு, மெருகு பூசி, பிறகு உயர்சூட்டில் வேகவைப்பார்கள். போன் சைனாவில் வரிசை எதிர்மாறு. மெருகில்லாமல் 1,220 முதல் 1,250 டிகிரி வரை முழுமையாக வேகவைத்துவிட்டு, மெருகைத் தாழ்ந்த வெப்பத்தில் தனியாக உருக்குகிறோம். மெருகற்ற பாண்டத்தை எந்த இடத்திலும் தாங்கி நிறுத்தலாம், தாங்கி ஒட்டிக்கொள்ளாது என்பதே இந்த வரிசையின் பெரிய நன்மை. தாங்கி இல்லாமல் இந்தப் பொருள் நிற்காது. உச்ச வெப்பத்தில் கண்ணாடிப் பகுதி இளகி, தன் எடையைத் தானே சுமக்க முடியாமல் சுவர் துவள்கிறது. வேகவேண்டிய வெப்பத்துக்கும் துவண்டு கெடும் வெப்பத்துக்கும் இடையே இருப்பது 20 டிகிரி அளவுதான்.

கோப்பையின் விளிம்பு வட்டமாக நிற்பதற்குச் சிறந்த வழி, அதே குழம்பிலிருந்து ஒரு வளையத் தாங்கி வார்ப்பது. அது விளிம்புக்குள் சிறிது இறங்கி, மேலே ஒரு மடிப்பால் தொங்கி நிற்கும் மூடி போன்ற வடிவில் இருக்க வேண்டும். அதே கலவை என்பதால் கோப்பை சுருங்கும் அளவுக்கே அதுவும் சுருங்கி, கடைசிவரை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேறு மண்ணில் செய்தால் ஒன்று தளர்ந்து பயனற்றுப்போகும், அல்லது சுருங்காமல் நின்று விளிம்பைப் பிளக்கும். தாங்கியும் கோப்பையைப் போலவே மென்சூட்டில் வெந்திருக்க வேண்டும். இரண்டும் தொடும் இடத்தில் அலுமினாத் தூளை நீரில் குழைத்து மெல்லிதாகத் தடவ வேண்டும். ஒவ்வொரு தாங்கியும் ஒருமுறைக்கு மட்டுமே பயன்படும். ஒரு கோப்பைக்காக இன்னொரு பாண்டத்தைச் செய்து எறிவது வீண் என்று தோன்றலாம், ஆனால் அதைச் சிக்கனம் பார்த்தவர்களின் சூளையில் வட்டமான விளிம்பை நான் பார்த்ததில்லை. இரண்டு கோப்பைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கவிழ்த்துச் சுடும் பழைய ஸ்டோக் முறையும் உண்டு. கைப்பிடியில்லாத, ஒரே அளவான கோப்பைகளுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

சூளைத் தட்டு துல்லியமாகச் சமதளமாக இருக்க வேண்டும். அதன்மேல் அலுமினாத் தூளைச் சலித்துத் தூவினால், கோப்பையின் அடி சுருங்கும்போது தடையின்றி நகரும். தட்டுகளாக இருந்தால் அடிப்பகுதியின் வளைவுக்கு ஏற்ப அலுமினாவைக் குவித்துப் படுக்கை அமைக்க வேண்டும்.

வெப்பத்தை 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரி வீதமும், அதன்பின் 1,000 வரை சற்று விரைவாகவும், கடைசி 200 டிகிரியை மறுபடியும் மெதுவாகவும் ஏற்றி, உச்சத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைக்கவும். ஹைட்ராக்ஸி அபடைட் சிதைந்து, புதிய படிகங்கள் உருவாகி, நுண்துளைகள் மூடுவதற்கு இந்த நேரம் வேண்டும். சூளையின் மானியை மட்டும் நம்பாமல் மேல், நடு, கீழ்த் தட்டுகளில், குறித்த வெப்பத்தில் வளைந்து காட்டும் வெப்பக் கூம்புகளை வைத்துப் பாருங்கள். பல மின்சூளைகளில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடே இந்த 20 டிகிரியை விழுங்கிவிடும். காற்றுத் துளையைத் திறந்து வைத்தே சுட வேண்டும். காற்றுக் குறைந்தால் வெண்மை சாம்பல் சாயலாக மங்கும். வெந்தது குறைவென்றால் கோப்பை ஒளியை விடாமல் மந்தமாக நிற்கும். நாக்கில் வைத்தால் ஒட்டும். மிகுந்துவிட்டால் சுவரில் கொப்புளங்கள் எழும். சரியாக வெந்த கோப்பையின் பின்னால் விரல்களை வைத்து விளக்கின்முன் பிடித்தால், ஒவ்வொரு விரலின் நிழலும் தனித்தனியே தெரியும். சுண்டினால் நீண்ட மணியோசை எழும்.

மெருகு

முழுமையாக வெந்த சுவர் நீரை உறிஞ்சாது. சாதாரண மெருகுக் குழம்பில் முக்கினால் வழுக்கி ஓடி, துளித்துளியாகத் திரண்டுவிடும். கோப்பையை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் தெளிப்பானால் மெல்லிய படலங்களாகத் தெளிப்பதே நம்பகமான வழி. மெருகில் சிறிது செல்லுலோஸ் பசை கலந்து, நீரைக் குறைத்துக் கெட்டியாக வைத்துக்கொண்டால் தூரிகையாலும் பூசலாம். அடிவளையத்தில் பட்ட மெருகைத் துடைத்துவிட்டு, 1,050 முதல் 1,100 டிகிரிக்குள் சுட வேண்டும். இந்த வெப்பத்தில் உருகும் ஈயமற்ற போரோசிலிக்கேட் மெருகுகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. முன்பு ஈய மெருகுகளே பயன்பட்டன. உண்ணும் பாத்திரத்துக்கு அவற்றை இன்று எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது.

மெருகு பொருந்துவதற்கு வெப்ப விரிவைப் பார்க்க வேண்டும். போன் சைனாவின் நீள விரிவுக் கெழு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பத்துலட்சத்தில் 8 பங்கு. கடினப் பீங்கானைவிடத் தெளிவாக அதிகம். மெருகின் விரிவு இதைவிடச் சிறிது குறைவாக இருந்தால், ஆறும்போது உடல் அதிகம் சுருங்கி மெருகை அழுத்தத்தில் வைத்திருக்கும்; அந்த அழுத்தம் விரிசலைத் தடுத்து உறுதியையும் கூட்டும். மிகக் குறைவாக இருந்தாலோ, விளிம்பிலிருந்து மெருகு செதில்செதிலாகப் பெயரும். விரிவு அதிகமான பொருள் என்பதால், குளிர்ந்த கோப்பையில் கொதிநீரைச் சட்டென ஊற்றாமல் முதலில் வெந்நீரில் அலசிக்கொள்ளும் வழக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது.

மெருகின்மேல் வண்ணம் தீட்ட விரும்பினால் மூன்றாவதாக ஒரு சூடு, 700 முதல் 850 டிகிரி வரை, தேவைப்படும். தாழ்ந்த வெப்பத்தில் உருகிய இந்த மென்மெருகில் வண்ணங்கள் நன்றாக அமிழ்ந்து ஒளிரும். கடினப் பீங்கானில் தாக்குப்பிடிக்காத பல நிறங்கள் இங்கே கிடைப்பது இதனால்தான். அதே மென்மையால் மெருகு கத்திக் கீறலுக்கு எளிதில் உள்ளாகும் என்பதையும் தட்டு செய்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். தங்க விளிம்பிட்டவற்றை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது.

முடித்த கோப்பையை யாருக்கும் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். கோப்பையோடு அதே உயர்சூட்டில் வெந்த, மெருகற்ற துண்டு ஒன்றைத் துல்லியமான தராசில் நிறுத்து, இரண்டு மணி நேரம் நீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். எடை அரை சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் சூடு போதவில்லை. அடுத்த முறை உச்ச வெப்பத்தை 5 அல்லது 10 டிகிரி மட்டும் உயர்த்தவும், அல்லது உச்சத்தில் நிறுத்தும் நேரத்தை நீட்டவும். பிறகு மெருகிட்ட மாதிரிக் கோப்பையைக் கொதிநீரிலிருந்து பனிக்கட்டி நீருக்குப் பல முறை மாற்றி, மையைத் தடவித் துடைத்துப் பாருங்கள். வலைபோன்ற கோடுகள் தெரிந்தால் மெருகின் விரிவு அதிகம். அதில் சோடாவையும் பொட்டாஷையும் குறைத்து, போரிக் ஆக்சைடையோ சிலிக்காவையோ சிறிது கூட்டி மறுபடியும் சோதிக்க வேண்டும்.